சாவியைத் திருப்பினால் என்ன கேட்கிறது?

வாசகர் கேள்வி - பதில்

புல்வெட்டும் டிராக்டர் ஸ்டார்ட் ஆகவில்லை என்று இந்த முறை நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள், அதனால் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். பாதிக் கடிதங்களில் "ஸ்டார்ட் ஆகவில்லை, எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும்?" என்பது மட்டும்தான் இருக்கிறது. அதை வைத்து யாராலும் பதில் சொல்ல முடியாது. சாவியைத் திருப்பும்போது ஒன்றுமே கேட்கவில்லையா, டிக் என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறதா, இன்ஜின் அரைச் சுற்று சுற்றி நின்றுவிடுகிறதா, நன்றாகச் சுற்றியும் பிடிக்காமல் போகிறதா, இந்த நான்கில் எது என்று தெரிந்தாலே தேட வேண்டிய இடம் பாதிக்கு மேல் குறைந்துவிடும். நன்றாகச் சுற்றும் இன்ஜினுக்குப் புது பேட்டரி வாங்குவதும், டிக் என்று நிற்கும் வண்டியில் கார்புரேட்டரைக் கழற்றுவதும் காசைக் கரைக்கும் வேலை. ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்த்துப் பழுதைத் தேடாதீர்கள். முதலில் அளந்து பாருங்கள், அப்புறம் வாங்குங்கள். ஒரு சாதாரண மல்டிமீட்டரும் ஒரு பிளக் ஸ்பேனரும் இருந்தால் கீழே சொல்லப்போவதில் பெரும்பாலானவற்றை நீங்களே செய்யலாம்.

கேள்வி: சாவியைத் திருப்பினால் "டிக்" என்று ஒரே ஒரு சத்தம். அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை. பேட்டரி பழசாகவில்லை. செல்ஃப் மோட்டார் போய்விட்டது என்கிறார்கள். மாற்றிவிடலாமா?

இப்போதைக்கு வேண்டாம். டிக் என்று கேட்பது செல்ஃப் மோட்டாரிலிருந்து வரும் சத்தம் இல்லை, அது சொலினாய்டு. சாவியிலிருந்து வரும் சின்ன கரண்ட்டை வாங்கி, பேட்டரியின் பெரிய கரண்ட்டை மோட்டாருக்குத் திறந்துவிடுவது அதன் வேலை. அது டிக் என்றால் சாவி, ஃப்யூஸ், பாதுகாப்பு ஸ்விட்சுகள் எல்லாம் வேலை செய்கின்றன என்று அர்த்தம், அந்தப் பக்கமே போக வேண்டாம். பேட்டரி, கேபிள், சொலினாய்டு, எர்த் (நெகட்டிவ் கேபிள் வண்டியின் உலோகத்தோடு சேரும் இணைப்பு), மோட்டார் இவைதான் மிச்சம். இதே வரிசையில் பாருங்கள்.

பேட்டரி பழசாகவில்லை என்பதால் அது நல்லது என்று ஆகிவிடாது. சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் கழித்து மீட்டரை வையுங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நிறைவு, 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான் இருக்கிறது, 12-க்குக் கீழே போயிருந்தால் அதை வைத்து எதையும் சோதிக்க முடியாது. ஆனால் சும்மா இருக்கும்போது 12.6 காட்டும் பேட்டரி வேலை கொடுத்தவுடன் விழுந்துவிடலாம். அதனால் மீட்டரை டெர்மினலில் வைத்தபடியே ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். மோட்டார் கரண்ட் இழுக்கும் நேரத்தில் 9.5 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். டிக்டிக்டிக்டிக் என்று வேகமாக அடித்துக்கொண்டால் அதுவும் அநேகமாக பேட்டரியில் தெம்பு இல்லாததன் அடையாளம்தான், அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை.

டெர்மினலைக் கண்ணால் பார்த்து விட்டுவிடாதீர்கள். கழற்றுங்கள். முதலில் நெகட்டிவ், அப்புறம் பாசிட்டிவ், மாட்டும்போது இதற்கு நேர் எதிராக. வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, கம்பி பிரஷ் போட்டுப் பளிச்சென்று தேய்த்து, துடைத்து, இறுக்கி மாட்டுங்கள். வெளியே சுத்தமாகத் தெரியும் கேபிள்கூட முனையோடு நசுக்கிப் பொருத்திய இடத்தில் உள்ளுக்குள் அரித்துப் போயிருக்கும், அந்த இடத்தைக் கையால் வளைத்துப் பாருங்கள், மொறமொறவென்று இருந்தால் கேபிளை மாற்றிவிடுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தால் சொலினாய்டுக்கு வாருங்கள். அதில் இரண்டு பெரிய போல்ட் இருக்கும். மீட்டரின் இரண்டு முனைகளையும் அந்த இரண்டு போல்ட்டில் வையுங்கள். சாவியைத் திருப்பும் முன் பேட்டரியின் முழு வோல்ட்டேஜும் காட்டும். சாவியைத் திருப்பி டிக் என்றதும் அது கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்கு விழ வேண்டும். விழவில்லை, அப்படியே 12 நிற்கிறது என்றால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கருகிப்போய்விட்டது, சத்தம் வருகிறதே தவிர இணைப்பு ஆகவில்லை. சொலினாய்டை மாற்றினால் போதும், மோட்டாரைத் தொட வேண்டாம். பூஜ்யத்துக்கு விழுந்தும் மோட்டார் அசையவில்லை என்றால் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் இன்னொன்றை இன்ஜினின் வெறும் உலோகத்திலும் வைத்துச் சாவியைத் திருப்புங்கள். கால் வோல்ட் அளவுக்குள் இருந்தால் எர்த் சரி. ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் என்று காட்டினால் நெகட்டிவ் கேபிள் சேசிஸில் மாட்டியிருக்கும் இடத்தில் துருவோ பெயின்ட்டோ தடுக்கிறது, கழற்றித் தேய்த்து மாட்டுங்கள். எர்த்தும் சரி என்றால்தான் மோட்டாரைக் கழற்ற வேண்டும். அதற்கும் முன்னால் பிளக்கைக் கழற்றிவிட்டு இன்ஜினைக் கையால் சுற்றிப் பாருங்கள், இன்ஜினே இறுகிப்போயிருந்தால் மோட்டார் என்ன செய்யும்?

ஸ்குரூ டிரைவரை இரண்டு போல்ட்டுக்கும் குறுக்கே வைத்து ஸ்டார்ட் பண்ணுவதை நிறையப் பேர் செய்கிறார்கள். அந்த முறையில் எல்லாப் பாதுகாப்பு ஸ்விட்சுகளும் தாண்டிப் போய்விடும், வண்டி கியரில் இருந்தால் பக்கத்தில் நிற்பவர் மேலேயே ஏறும். மீட்டர் இருக்கும்போது அதற்குத் தேவையே இல்லை.

கேள்வி: எனக்கு அந்த டிக் சத்தமும் இல்லை. சாவியைத் திருப்பினால் முழு அமைதி. சீட் ஸ்விட்சின் ஒயரை நேரடியாக முறுக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொன்னார். செய்யலாமா?

செய்யாதீர்கள். உங்கள் கேள்விக்கு இது முதல் பதில், இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஓட்டுபவர் சீட்டிலிருந்து விழுந்தாலோ இறங்கினாலோ கத்தியையும் இன்ஜினையும் நிறுத்துவதுதான் அந்த ஸ்விட்சின் வேலை. சரிவில் வண்டி சாய்ந்து ஆள் கீழே விழுந்த பிறகு அடியில் கத்தி சுற்றிக்கொண்டே இருப்பதை யோசித்துப் பாருங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்னும் சொல்லவே வேண்டாம்.

அதோடு, உங்கள் பழுது அங்கே இருக்க வாய்ப்பும் குறைவு. பல மாடல்களில் செல்ஃப் சுற்றுவதற்குப் பிரேக் பெடல் முழுதாக அழுந்தியிருக்க வேண்டும், கத்தியை இயக்கும் லீவரோ பட்டனோ ஆஃபில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சீட் ஸ்விட்சு பெரும்பாலும் ஓடும் இன்ஜினை அணைப்பதற்குத்தான். அதனால் பெடலைக் கடைசி வரை மிதித்து, கத்தி லீவரை ஒருமுறை போட்டு எடுத்துவிட்டு மறுபடி முயற்சி செய்யுங்கள். சில நேரம் அதிலேயே முடிந்துவிடும். முடியவில்லையென்றால் ஃப்யூஸ். பல வண்டிகளில் பேட்டரிக்கோ சொலினாய்டுக்கோ பக்கத்தில் 15 அல்லது 20 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று தொங்கும். போயிருந்தால் அதே ஆம்பியரில் மாற்றுங்கள், பெரியதாகப் போடாதீர்கள். மாற்றியதும் மறுபடி போனால் எங்கோ ஒயர் உரசி பாடியில் ஷார்ட் ஆகிறது. வண்டி பல நாள் சும்மா நின்றிருந்தால் எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள், அதற்கு ஒயரின் உறை ரொம்பப் பிடிக்கும்.

ஃப்யூஸும் நல்லதென்றால் சொலினாய்டின் சின்ன முனையில் மீட்டரை வைத்து, பெடலை மிதித்து, கத்தியை ஆஃபில் வைத்து, சாவியைத் திருப்புங்கள். அங்கே 12 வோல்ட் வந்தும் டிக் கேட்கவில்லையென்றால் பழுது சொலினாய்டில்தான், அல்லது அதன் எர்த்தில். 12 வரவில்லையென்றால் பின்னாலேயே போக வேண்டும்: கத்தி ஸ்விட்சு, பிரேக் ஸ்விட்சு, சாவி ஸ்விட்சு என்று ஒவ்வொன்றின் உள்ளே வரும் ஒயரிலும் வெளியே போகும் ஒயரிலும் அளந்துகொண்டே வாருங்கள். எந்த இடத்தில் உள்ளே 12 இருந்து வெளியே இல்லையோ அதுதான் கெட்ட ஸ்விட்சு. அதைக் கழற்றிவிட்டு அதே மாதிரி புதுசு போடுங்கள். பிரேக் ஸ்விட்சு கெடாமலேயே இடம் நகர்ந்து, பெடல் அதைத் தொடாமல் நின்றிருப்பதும் அடிக்கடி நடப்பதுதான்.

கேள்வி: சில மாதம் நிறுத்தி வைத்திருந்த வண்டி. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவே மாட்டேன் என்கிறது. புது பிளக் போட்டும் பயனில்லை. கார்புரேட்டரை மாற்ற வேண்டுமா?

கார்புரேட்டராகவும் இருக்கலாம், ஆனால் இருபது நிமிடம் செலவழித்தால் உறுதியாகத் தெரிந்துவிடும். நன்றாகச் சுற்றியும் பிடிக்காத இன்ஜினில் மூன்றில் ஒன்று குறைகிறது, பெட்ரோல், ஸ்பார்க், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படுவது). எது என்று பிளக்கே சொல்லும். சோக் போட்டுச் சில விநாடி செல்ஃப் அடித்துவிட்டு உடனே பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். உலர்ந்திருந்தால் பெட்ரோல் உள்ளே வரவில்லை. நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் வருகிறது, ஸ்பார்க் இல்லை அல்லது பெட்ரோல் மிதமிஞ்சி வந்து மூழ்கிவிட்டது. மூழ்கியிருந்தால் பிளக்கைத் துடைத்துக் காயவைத்து, சோக்கை எடுத்துவிட்டு, திராட்டிலை முழுக்கத் திறந்து அடியுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். செல்ஃப் மோட்டாரை விடாமல் அடிக்கக் கூடாது. ஐந்து விநாடி அடித்தால் ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். இல்லையென்றால் இல்லாத பழுதாக மோட்டாரும் சேர்ந்துகொள்ளும்.

உங்கள் வண்டி மாதக்கணக்கில் நின்றிருப்பதால் பிளக் உலர்ந்துதான் இருக்கும் என்று நினைக்கிறேன். பெட்ரோல் ஒரு மாதத்திலேயே கெட ஆரம்பித்துவிடும். எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் போய்விடுகிறது, இன்ஜின் குளிர்ந்த நிலையில் பற்றுவதற்கு அந்தப் பகுதிதான் வேண்டும். மீதி மெல்ல மெல்லப் பசையாகி கார்புரேட்டரின் ஜெட் துளைகளில் ஒட்டிக்கொள்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோலாக இருந்தால் அது காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுக்கும், ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கிவிடும், இன்ஜினுக்கு முதலில் போவது அந்த அடித்தண்ணீர்தான். இந்த வகைச் சின்ன இன்ஜின்களுக்கு 10 சதவீதம் வரை எத்தனால் உள்ள பெட்ரோலைத்தான் தயாரிப்பாளர்கள் பொதுவாக அனுமதிக்கிறார்கள். அதற்கு மேல் வேண்டாம்.

ஆகவே முதலில் டேங்க்கைக் காலி செய்து புது பெட்ரோல் ஊற்றுங்கள். பழசோடு புதுசைக் கலந்து ஒப்பேற்ற வேண்டாம். அப்புறம் கார்புரேட்டரில் சேரும் பெட்ரோல் ஹோஸைக் கழற்றி ஒரு பாத்திரத்தில் விடுங்கள். பெட்ரோல் நன்றாக ஓடி வருகிறதா? டேங்க் இன்ஜினுக்குக் கீழே இருக்கும் வண்டிகளில் கிராங்க்கேஸின் காற்றுத் துடிப்பால் இயங்கும் சின்ன பம்ப் ஒன்று இருக்கும், அதில் செல்ஃப் அடித்தால்தான் பெட்ரோல் வரும், விட்டுவிட்டுத் துள்ளி வரும். இந்தச் சோதனைக்கு பிளக் ஒயரைக் கழற்றி எர்த் செய்துவிடுங்கள், பக்கத்தில் நெருப்பு எதுவும் இருக்கக் கூடாது. வரவில்லையென்றால் ஃபில்ட்டர் அடைத்திருக்கும், ஹோஸ் உள்ளுக்குள் உரிந்து மூடியிருக்கும், அல்லது பம்ப் சவ்வு கிழிந்திருக்கும். ஃபில்ட்டரில் அம்புக்குறி போட்டிருந்தால் அது கார்புரேட்டர் பக்கம் பார்க்க வேண்டும்.

பெட்ரோல் அங்கே வரை வருகிறது, பிளக் மட்டும் உலர்ந்தே இருக்கிறது என்றால் கார்புரேட்டரின் கிண்ணத்துக்கு அடியில் பாருங்கள். ஒயர் மாட்டிய ஒரு சின்ன உருளை தொங்கினால் அது பெட்ரோல் கட் சொலினாய்டு. சாவியை ஆன் செய்ததும் அதிலிருந்து ஒரு மெல்லிய டிக் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் ஜெட்டுக்குப் போகும் வழியே மூடியிருக்கிறது, எவ்வளவு சுத்தம் செய்தாலும் வண்டி பிடிக்காது. ஒயரில் 12 வோல்ட் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அதைக் குற்றம் சொல்ல வேண்டும். பேட்டரி ரொம்பவும் இறங்கியிருந்தால் செல்ஃப் அடிக்கும் நேரத்தில் அது திறக்காமல் போவதும் உண்டு. நல்ல கார்புரேட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குகிறவர்கள் அதிகம் தவறவிடுவது இந்தச் சின்னப் பாகத்தைத்தான்.

அது டிக் என்றால் கிண்ணத்தைக் கழற்றுங்கள். அடியில் மண்ணோ தண்ணீரோ பச்சைப் பசையோ இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. மெயின் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வட்டமான துளை தெளிவாகத் தெரிய வேண்டும். கார்புரேட்டர் கிளீனர் அடித்து, காற்றடித்து, மெல்லிய செம்புக் கம்பியால் மென்மையாகக் குத்துங்கள். இரும்புக் கம்பி, ஊசி எல்லாம் துளையைப் பெரிதாக்கிவிடும், அதன் பிறகு இன்ஜின் கறுப்புப் புகைதான் விடும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள், கிளீனர் வேறு துளை வழியாக முகத்துக்கே திரும்பி வரும்.

ஏர் ஃபில்ட்டரையும் இதே சமயத்தில் கழற்றிப் பாருங்கள். காகித ஃபில்ட்டரைத் தண்ணீரில் கழுவக் கூடாது, மேலே சுற்றியிருக்கும் ஸ்பாஞ்சை மட்டும் சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவைத்துப் போடலாம்.

கேள்வி: ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடித்தால் ஓடுகிறது, விட்டால் நின்றுவிடுகிறது. தினமும் அடித்து ஓட்டலாமா?

கூடாது. ஆனால் நல்ல செய்தி ஒன்று சொல்லியிருக்கிறீர்கள்: ஸ்பார்க்கும் கம்ப்ரஷனும் இருக்கின்றன, பெட்ரோல்தான் வரவில்லை. முந்தைய பதிலைப் பின்பற்றுங்கள். அந்த ஸ்பிரேயில் இருக்கும் ஈதருக்கு எண்ணெய்ப் பசை கிடையாது, அளவுக்கு மேல் அடித்தால் பிஸ்டனை ஓங்கி அடிக்கும். சோதனைக்கு ஒரு சின்ன அடி போதும்.

கேள்வி: ஸ்பார்க் இல்லை. காயில் (பிளக்குக்கு ஸ்பார்க் தரும் பாகம்) போய்விட்டது என்று சொல்லிப் புது காயில் போட்டோம். அப்படியும் ஸ்பார்க் வரவில்லை. புது காயிலும் கெட்டதா?

புது காயில் கெட்டிருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. பழைய காயிலே நன்றாக இருந்திருக்கலாம்.

இந்த இன்ஜின்களில் பெரும்பாலானவற்றில் ஸ்பார்க்குக்கு பேட்டரியே தேவையில்லை. ஃப்ளைவீலில் பதித்த காந்தம் காயிலைக் கடக்கும்போது ஸ்பார்க் தானாகவே உண்டாகிறது. அப்படியானால் சாவியை ஆஃப் செய்தால் எப்படி அணைகிறது? காயிலிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் வந்து சாவி ஸ்விட்சுக்கும் சீட் ஸ்விட்சுக்கும் போகிறது. ஆஃப் செய்தால் அந்த ஒயர் எர்த் ஆகிறது, ஸ்பார்க் அங்கேயே செத்துவிடுகிறது. அதனால் அந்த ஒயர் வழியில் எங்காவது உறை தேய்ந்து பாடியைத் தொட்டாலோ, ஈரம் இறங்கிச் சாவி ஸ்விட்சு உள்ளுக்குள் ஷார்ட் ஆனாலோ, சீட் ஸ்விட்சு மாட்டிக்கொண்டாலோ, நீங்கள் எத்தனை காயில் மாற்றினாலும் அத்தனையும் அணைந்த நிலையில்தான் இருக்கும்.

சோதனை எளிது. பெட்ரோலை மூடுங்கள். பிளக் ஒயரில் ஸ்பார்க் டெஸ்டர் மாட்டுங்கள், மலிவான பொருள்தான், பிளக்கைக் கழற்றி இன்ஜினில் வைத்துப் பார்ப்பதைவிடப் பாதுகாப்பானது. பிளக் ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளியே வரும், அதன் பக்கத்தில் பொறி அடிக்க வைப்பது ஆபத்து. இப்போது காயிலில் இருந்து அந்த மெல்லிய ஒயரை மட்டும் கழற்றிவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். ஸ்பார்க் வந்துவிட்டால் காயில் நல்லது, பழுது ஒயரிலோ ஸ்விட்சிலோ இருக்கிறது. வரவில்லையென்றால்தான் காயிலைப் பற்றிப் பேச வேண்டும். சோதனை முடிந்ததும் அந்த ஒயரைக் கட்டாயம் திரும்ப மாட்டுங்கள். அது இல்லாமல் இன்ஜின் ஓட ஆரம்பித்தால் சாவியை ஆஃப் செய்தாலும் நிற்காது, சீட்டிலிருந்து இறங்கினாலும் நிற்காது.

புது காயிலை மாட்டும்போது இடைவெளி வைத்தார்களா என்று கேளுங்கள். காயிலுக்கும் ஃப்ளைவீல் காந்தத்துக்கும் நடுவே பொதுவாக 0.25 முதல் 0.35 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், ஒரு விசிட்டிங் கார்டை நடுவே செருகி, காந்தம் காயிலை இழுத்துப் பிடித்ததும் போல்ட்டை இறுக்கி, கார்டை உருவினால் ஏறக்குறைய அந்த அளவு வந்துவிடும். காந்தத்தின் மேல் துரு படிந்திருந்தால் முதலில் நைஸான உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். பிளக் இடைவெளி பெரும்பாலான மாடல்களில் 0.76 மில்லிமீட்டர். இன்னொன்று, செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் காந்தம் போதுமான வேகத்தில் போகாது, ஸ்பார்க்கும் வராது. அதனால் இதற்கும் நல்ல பேட்டரி வேண்டும்.

ஸ்பார்க் இருக்கிறது, பெட்ரோல் இருக்கிறது, ஆனாலும் கார்புரேட்டர் வழியாகப் படபடவென்று திருப்பி அடிக்கிறது என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அவருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: ஃப்ளைவீலை கிராங்க் ஷாஃப்டோடு சரியான இடத்தில் நிறுத்தும் சாவிக்கட்டை அறுந்தோ பாதி நசுங்கியோ இருக்கலாம், அதனால் ஸ்பார்க் தவறான நேரத்தில் விழுகிறது. தள்ளிக்கொண்டு போகும் புல்வெட்டியில் கத்தி நேராக கிராங்க்கிலேயே மாட்டியிருப்பதால் கல்லில் இடித்தால் இது சகஜம். டிராக்டரில் கத்தி பெல்ட்டில் ஓடுவதால் அபூர்வம், ஃப்ளைவீல் நட் தளர்ந்திருந்தால்தான் நடக்கும். ஃப்ளைவீலைக் கழற்றி அந்தக் கட்டையைக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும்.

கேள்வி: பேட்டரி புதுசு, செல்ஃப் மோட்டார் புதுசு, கேபிள்கூடப் புதுசு. அப்படியும் இன்ஜின் அரைச் சுற்று சுற்றி "ஊம்" என்று முட்டி நிற்கிறது. சில நேரம் இரண்டாவது முறை திருப்பினால் தாண்டிப் போய் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. இதற்கு என்னதான் வழி?

வாங்கும் முன் எழுதியிருந்தால் உங்களுக்கு நிறையக் காசு மிச்சமாகியிருக்கும். நீங்கள் சொல்வது ஓவர்ஹெட் வால்வு உள்ள ஒற்றை சிலிண்டர் இன்ஜின்களில் மிகவும் சாதாரணமான விஷயம், இதற்குத் தேவை ஒரு ஃபீலர் கேஜும் (மெல்லிய இடைவெளியை அளக்கும் தகடுகள்) ஒரு மணி நேரமும்தான்.

பிஸ்டன் மேலே வரும்போது அடைபட்ட காற்றின் எதிர்ப்பு அவ்வளவு அதிகம், அதை இந்தச் சின்ன மோட்டாரால் தனியாகத் தாண்ட முடியாது. அதனால் கேம் ஷாஃப்டில் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஸ்டார்ட் ஆகும் வேகத்தில் மட்டும் ஒரு வால்வை மயிரிழை அளவு திறந்து வைத்துக் கொஞ்சம் காற்றை வெளியே விட்டுவிடும். இன்ஜின் வேகம் பிடித்ததும் அந்த ஏற்பாடு தானாக விலகிக்கொள்ளும். திறப்பது அவ்வளவு சின்ன அளவு என்பதால், டேப்பட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் நடுவே விடும் இடம், தேய்மானத்தில் அதிகமாகிவிட்டால் அந்த மயிரிழை முழுவதும் இடைவெளியிலேயே கரைந்துவிடும். வால்வு திறக்காது. முழுக் கம்ப்ரஷனும் மோட்டாரின் தலையில் விழும், முட்டி நிற்கும்.

இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது பிளக்கைக் கழற்றி, வால்வு கவரைத் திறங்கள். இரண்டு வால்வும் மூடியிருக்கும் ஸ்ட்ரோக்கில் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, அதையும் தாண்டி ஒரு 6 மில்லிமீட்டர் கீழே இறங்க விடுங்கள். உச்சியிலேயே வைத்து அளந்தால் காற்றை வெளியே விடும் அந்த ஏற்பாட்டின் மேடு குறுக்கே வந்து தவறான அளவு காட்டும், நிறையப் பேர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். பிளக் ஓட்டையில் ஒரு மெல்லிய மரக்குச்சியை விட்டால் பிஸ்டன் இறங்குவது தெரியும். பிரிக்ஸ் அண்டு ஸ்ட்ராட்டன் ஒற்றை சிலிண்டர் ஓவர்ஹெட் வால்வு இன்ஜின்கள் பலவற்றில் இந்த இடைவெளி இன்டேக் வால்வுக்கு 0.08 முதல் 0.13 மில்லிமீட்டர், எக்சாஸ்ட் வால்வுக்கு 0.13 முதல் 0.18. உங்கள் இன்ஜினின் எண்ணை வைத்து மேனுவலில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், அந்த எண் இன்ஜின் மேல் மூடியிலோ வால்வு கவரிலோ அச்சடித்திருக்கும். கோலர் இன்ஜின்கள் சிலவற்றில் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர் இருப்பதால் டேப்பட் வைக்கும் வேலையே கிடையாது, அவற்றில் இதைத் தேட வேண்டாம். கவரைத் திறந்ததும் வால்வுகளை இயக்கும் கம்பிகளான புஷ் ராடு இரண்டும் நேராக, தன் இடத்தில் இருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள். ஒன்று வளைந்து கழன்றிருந்தால் அதுவே தனிப் பழுது.

சரி, டேப்பட் வைத்தும் முட்டுகிறது என்றால்? பிளக்கைக் கழற்றிவிட்டு அடியுங்கள். தாராளமாகச் சுற்றினால் கம்ப்ரஷன் விடுவிக்கும் அந்த ஏற்பாடே உடைந்திருக்கலாம், அதற்கு இன்ஜினைப் பிரிக்க வேண்டும், மெக்கானிக் வேலை. கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்தீர்களா என்று சிலர் கேட்பார்கள். இந்த ஏற்பாடு காற்றை வெளியே விடுவதால் நல்ல இன்ஜினிலேயே கேஜ் குறைவாகத்தான் காட்டும், அதை நம்பி பிஸ்டன் ரிங் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். வெளியிலிருந்து காற்றைச் செலுத்தி எங்கே கசிகிறது என்று பார்க்கும் லீக் டவுன் சோதனைதான் சரியான பதிலைக் கொடுக்கும்.

கேள்வி: ஸ்டார்ட் ஆவதில் சிக்கல் இல்லை. அரை மணி நேரம் ஓடியதும் தானாக நின்றுவிடுகிறது. ஆறிய பிறகு மறுபடி ஸ்டார்ட் ஆகிறது.

நின்ற உடனே டேங்க் மூடியைத் திறங்கள். புஸ் என்று காற்று உள்ளே இழுத்து, அதன் பிறகு ஸ்டார்ட் ஆனால் மூடியிலிருக்கும் காற்றுத் துளை அடைத்திருக்கிறது, மூடியை மாற்றுங்கள். இல்லையென்றால் நின்ற உடனே ஸ்பார்க் டெஸ்டரை மாட்டிப் பாருங்கள். சூட்டில் ஸ்பார்க் போய், ஆறியதும் திரும்பி வந்தால் காயில். ஆறிய பிறகு சோதித்தால் எதுவும் தெரியாது. அப்படியே மேல் கவரைக் கழற்றி, சிலிண்டரைச் சுற்றியிருக்கும் ஃபின்களில் புல் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். காற்றால் குளிர வேண்டிய இன்ஜின் அது, காற்று போக வழியில்லையென்றால் காயில் மட்டுமா சூடாகும்.

கேள்வி: காரிலிருந்து ஜம்ப் கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்யலாமா?

இரண்டும் 12 வோல்ட் என்றால் செய்யலாம், கார் இன்ஜினை ஓட விடாமல். கடைசியாக மாட்டும் நெகட்டிவ் கிளிப்பை டிராக்டரின் பேட்டரியில் போடாமல், அதிலிருந்து தள்ளி இன்ஜினின் வெறும் உலோகத்தில் போடுங்கள். அந்தக் கிளிப்பில் பொறி வரும், பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், இரண்டும் சேரக் கூடாது. ஸ்டார்ட் ஆனதும் முழு வேகத்தில் ஓடவிட்டு பேட்டரி டெர்மினலில் அளந்து பாருங்கள், 13.5 முதல் 14.5 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். 12-லேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை, கரண்ட் உண்டாக்கும் ஸ்டேட்டரையோ அதைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையோ பார்க்க வேண்டும், புது பேட்டரி வாங்கினாலும் அது நாளைக்கே இறங்கிவிடும்.

கேள்வி: நேற்று வரை ஓடிய வண்டி. இன்று இன்ஜின் கல் மாதிரி இறுகிவிட்டது. ஆயில் குச்சியைப் பார்த்தால் அளவு ஏறியிருக்கிறது, யாரும் ஆயில் ஊற்றவில்லை. என்ன இது?

மறுபடி சாவியைத் திருப்பாதீர்கள். ஆயில் குச்சியை முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாடை அடிக்கும். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரும் வழியை மூடும் மிதவை ஊசி சரியாக மூடாமல் இரவு முழுவதும் பெட்ரோல் கசிந்து சிலிண்டருக்குள் நிறைந்திருக்கிறது, அங்கிருந்து ரிங் வழியாக ஆயிலிலும் இறங்கியிருக்கிறது. திரவத்தை பிஸ்டனால் நசுக்க முடியாது, அதனால்தான் இறுகி நிற்கிறது. விடாமல் அடித்தால் கனெக்டிங் ராடு வளையும், செல்ஃப் மோட்டாரின் பல்லும் போகும்.

வண்டியை வெட்டவெளிக்குத் தள்ளிக்கொண்டு வாருங்கள். பெட்ரோல் வால்வை மூடி, வால்வு இல்லாத வண்டியாக இருந்தால் ஹோஸை கிளாம்ப் போட்டு இறுக்கி, பிளக் ஒயரைக் கழற்றி பிளக்கிலிருந்து தள்ளி எர்த் செய்துவிட்டு, பிளக்கைக் கழற்றுங்கள். இன்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றினால் பெட்ரோல் பீய்ச்சி வெளியே வரும், முகத்தை விலக்கி வைத்துக்கொள்ளுங்கள். உலரும் வரை விட்டுவிட்டு ஆயிலை முழுக்க வடித்துப் புதுசு ஊற்றுங்கள், ஃபில்ட்டர் இருந்தால் அதையும் மாற்றுங்கள். பெட்ரோல் கலந்த ஆயிலில் ஒரு நிமிடம்கூட ஓட்ட வேண்டாம், பேரிங்குகளுக்கு அதில் வழுவழுப்பே இருக்காது. மிதவை ஊசியையும் அது உட்காரும் இடத்தையும் மாற்றாமல் இந்தப் பழுது தீராது, இன்று வடித்தால் நாளை மறுபடி நிறையும். ஊசியை மாற்றும் அன்றே பெட்ரோல் ஹோஸில் ஒரு சின்ன வால்வையும் போட்டு, வண்டியை நிறுத்தும்போதெல்லாம் அதை மூடி வையுங்கள்.